பெரிய ற

என் மகளுக்கு மஞ்சள் காமாலை வந்த வருஷம் எனக்கு நான்கு நாள் விடுப்பு வேண்டியிருந்தது. எங்கள் அச்சகத்து முதலாளியிடம் விடுப்பு வாங்குவது லேசான காரியம் இல்லை. கடிதம் எழுதித் தர வேண்டும். அதையும் அவரவர் கையால், அவரவர் வார்த்தையில் எழுத வேண்டும். அடுத்தவர் எழுதிக் கொடுத்த கடிதம் என்று தெரிந்தால் படிக்காமலே திருப்பிக் கொடுத்துவிடுவார். "அவங்கவங்க பொய்யை அவங்கவங்கதான் எழுதணும்" என்பார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பைண்டிங் பகுதியில் தாள் மடிப்பது, தைப்பது, பசை போடுவது என் வேலை. அதுவரை நான் யாருக்கும் கடிதம் எழுதியதில்லை. கடவுளை வேண்டிக்கொண்டு உட்கார்ந்து எழுதினேன்.

எழுதியதைக் கையில் வைத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போகத் தயங்கி நின்றபோது, பிழை திருத்தும் சார் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்னம்மா கையில?" என்றார். கொடுத்தேன். மேலிருந்து கீழே ஒரு முறை பார்த்தார். சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் சிவப்புப் பேனாவை எடுக்கவில்லை. மேசையிலிருந்து ஒரு பென்சிலைத் தேடி எடுத்தார். எழுத்துகளின் தலையில் கொசு உட்கார்ந்த மாதிரி மெல்லிய புள்ளிகள் வைத்து, பக்கத்தில் சரியான எழுத்தையும் எழுதினார். பதினொரு புள்ளிகள்.

"இதைப் பாத்து வேற தாள்ல நீங்களே எழுதிக் குடுங்க. இதைக் கிழிச்சுப் போட்டுடுங்க" என்றார். அவ்வளவுதான்.

முதலாளி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். பாதியில் சிரித்தார்.

"'பெண்ணை அக்கரையோடு பார்த்துக்கொள்ள வேண்டி இருப்பதால்'ன்னு எழுதியிருக்கே. சின்ன ர போட்டா எதிர்ப்பக்கத்துக் கரைன்னு அர்த்தம். பெத்த பொண்ணை ஆத்துக்கு அந்தப் பக்கம் வெச்சா பாக்கப் போறே? அக்கறைக்குப் பெரிய ற." கடிதத்தை மடித்து மேசை இழுப்பறையில் போட்டார். "சரி, நீயேதான் எழுதியிருக்கே. போயிட்டு வா."

நான்கு நாள் கழித்து வந்ததும் நேராக சாரிடம் போனேன். "சார், அன்னிக்கு ஒண்ணு உங்க கண்ணுக்குத் தப்பிடுச்சு" என்றேன்.

அவர் புரூஃபிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "தப்பலம்மா. அத்தனையும் சரியா இருந்தா நான் எழுதிக் குடுத்ததுன்னு கண்டுபிடிச்சுடுவாரு. பாப்பாவுக்கு உடம்பு எப்படி இருக்கு?"

அன்றிலிருந்து அந்த ஒரு சொல் எனக்கு மறக்கவில்லை. பாத்திரம் துலக்கும்போதுகூட 'அக்கறை, பெரிய ற' என்று வாய் தானாக முணுமுணுக்கும்.

சார் கடவுளிடம் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. அவர் ஒரே ஒரு நாவல் எழுதினார். அது புத்தகமாக வந்த கதையில் எனக்கும் பங்கு உண்டு என்பதால் சொல்கிறேன். பெருமைக்காக இல்லை.

அச்சகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஒற்று சார் என்றுதான் கூப்பிடுவார்கள். க், ச், த், ப் என்ற நான்கும் எங்கே விட்டுப்போனாலும் அவர் கண் அங்கே போய் நிற்கும். வாசலில் 'கதவை சாத்தவும்' என்று முதலாளி எழுதி ஒட்டியிருந்தார். ஒரு நாள் காலையில் பார்த்தால் நடுவில் சின்னதாக ஒரு ச் ஏறி உட்கார்ந்திருந்தது. முதலாளி அவரைக் கூப்பிட்டு, "கதவைச் சாத்தினீங்களா, இல்ல இதை மட்டும் போட்டுட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்டார்.

"போட்டுட்டுச் சாத்தலாம்னு இருந்தேன். அதுக்குள்ள கூப்பிட்டுட்டீங்க" என்றார் சார்.

அவருடைய அறை மாடிப்படிக்கு அடியில் இருந்தது. ஒரு நாற்காலி, சாய்வாக ஒரு மேசை, காகிதம் சுற்றிய ஒரு விளக்கு. கூரை சரிந்து இறங்கும். எழுந்து நின்றால் தலை இடிக்கும். யார் வந்தாலும் அவர் எழுந்து நிற்பதில்லை. புதிதாக வருகிறவர்கள் கர்வம் பிடித்த ஆள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அவருடைய மனைவியை அக்கா என்று கூப்பிடுவேன். சார் சாப்பாட்டை மறந்து வைத்துவிட்டு வரும் நாளில் அவர் கொண்டுவந்து கொடுப்பார். அப்படி வந்த ஒரு நாள் என்னிடம் சொன்னார்.

"கல்யாணத்துக்கு முன்னாடி இவருக்கு ஒரு லெட்டர் எழுதினேன். பதில் வரல. என் லெட்டரே திரும்பி வந்துச்சு. சிவப்பு மையில."

"அப்புறம் எப்படிக்கா கட்டிக்கிட்டீங்க?"

"கடைசியில 'மற்றபடி நன்று'ன்னு எழுதியிருந்தாரு."

இருபத்தாறு வருஷம் அவர் மற்றவர்களுடைய புத்தகங்களைத் திருத்தினார். ஒவ்வொரு புத்தகத்தையும் மூன்று முறை படிப்பார். பிறகு நாங்கள் மடித்துத் தைத்து, அட்டை ஒட்டி, ஓரம் வெட்டி, பசை ஈரம் காயாமல் முதல் படியைக் கொண்டுபோய்க் கொடுப்போம். ஏதாவது ஒரு பக்கத்தைத் திறப்பார். எந்தப் பக்கத்தைத் திறக்கிறாரோ அந்தப் பக்கத்தில் ஒரு பிழை கால் நீட்டி உட்கார்ந்திருக்கும். "வந்துட்டான்" என்பார். மூடிவிடுவார். கொஞ்ச வருஷத்தில் திறப்பதையே விட்டுவிட்டார்.

"ஒரு பிழைகூட இல்லாம ஒரே ஒரு புத்தகம் பாத்துட்டாப் போதும்மா" என்று ஒரு முறை சொன்னார். "யாரோட புத்தகமா இருந்தாலும் பரவாயில்ல."

யாருடையதும் அப்படி வரவில்லை. தானே எழுதினால்தான் உண்டு என்று நினைத்தாரோ என்னவோ, எழுத ஆரம்பித்தார். வாரத்துக்கு இரண்டு பக்கம் எழுதுவாராம். அந்த இரண்டு பக்கத்தை ஒரு மாதம் திருத்துவாராம். ஒன்பது வருஷம் ஆனது.

முடித்ததும் ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினார். அங்கே இருந்தவர் நேரில் வரச் சொன்னார். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு தப்புகூட இல்லையே. எங்கேயாவது பாத்து எழுதினதா?" என்று கேட்டாராம். இன்னொரு பதிப்பகம் இரண்டு வருஷம் வைத்திருந்துவிட்டு, மன்னிப்புக் கடிதத்தோடு வேறு யாரோ எழுதிய நாவலைத் திருப்பி அனுப்பியது. சார் உட்கார்ந்து அதை முழுக்கத் திருத்தி, அவர்களுக்கே அனுப்பிவைத்தார். அது புத்தகமாக வந்தது. சாருடையது தனியாகக் கடிதம் போட்டுக் கேட்ட பிறகு வந்து சேர்ந்தது.

அப்புறம் அவர் யாருக்கும் அனுப்பவில்லை. எங்கள் அச்சகத்தில் கணினியில் எழுத்து அடிக்கும் பெண் ஒருத்தி இருந்தாள். டைப்பு என்று கூப்பிடுவோம். இரண்டு பிள்ளைக்காரி, வாய் ஓயாது, விரலும் ஓயாது. அவள் வேலை இல்லாத நேரங்களில் சாரின் நாவலை அடித்து வைத்தாள். "சும்மா உக்காந்தா முதலாளி என் மூஞ்சியையே பாக்கறாரு. அதுக்கு இதை அடிக்கலாம்" என்பாள். நாவல் கணினிக்குள் போய் அங்கேயே கிடந்தது. சார் ஓய்வு பெற அப்போது ஒன்றரை வருஷம் இருந்தது. கண்ணில் புரை வேறு விழ ஆரம்பித்திருந்தது.

அந்த நேரத்தில் புது மெஷின் வந்தது. மெக்கானிக் நான்கு நாள் ஓட்டிப் பார்க்க வேண்டும், அடிக்க ஏதாவது கொடுங்கள் என்றார். முதலாளி டைப்புவிடம், "எதையாவது குடு. வீணாப் போறதுதானே" என்றார். அவள் கையில் எது இருந்ததோ அதைக் கொடுத்தாள். சாரின் நாவல்.

ஒரு நாளைக்கு ஒரு பாரம். பாரம் என்றால் ஒரு பெரிய தாளில் இரண்டு பக்கமும் சேர்த்துப் பதினாறு பக்கம். நான்கு நாளில் நான்கு பாரம், அறுபத்து நான்கு பக்கம் அடித்துத் தள்ளினார்கள். மை திட்டுத்திட்டாக இருக்கும், சில இடத்தில் எழுத்து நிழல் தட்டும். எல்லாம் வேஸ்ட் தாள் என்று பைண்டிங் பகுதிக்கு வந்தது. வேஸ்ட் தாளில்தான் நாங்கள் புத்தகக் கட்டுகளைச் சுற்றி அனுப்புவோம்.

நான் ஒரு தாளை எடுத்து மடித்துப் பார்த்தேன். விரித்து வைத்தால் பக்கங்கள் தலைகீழாகவும் முன்பின்னாகவும் இருக்கும். மடித்தால்தான் வரிசைக்கு வரும். எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். மதிய இடைவேளையில் ஒரு நாளைக்கு இரண்டு பக்கம். ஒரு ஆற்றுப் பாலம், அதில் ஒரு காவல்காரர். காலையில் எத்தனை பேர் எதிர்க்கரைக்கு வேலைக்குப் போகிறார்கள் என்று எண்ணிக்கொள்வார். சாயங்காலம் எத்தனை பேர் திரும்புகிறார்கள் என்று எண்ணுவார். யாரும் அவரை எண்ணச் சொல்லவில்லை. ஒரு நாள் சாயங்காலம் ஒரு பெண் குறைகிறாள். அறுபத்து நான்காம் பக்கம் அங்கே முடிந்துவிட்டது.

பிறகு நான் செய்தது சரியா தப்பா என்று இன்றுவரை தெரியாது. எங்களிடம் புத்தகம் அடிக்க வரும் பதிப்பாளர் ஒருவர் இருந்தார். அவருக்கு நான்கு கட்டுப் புத்தகம் போக வேண்டியிருந்தது. வழக்கமாக மேலே கிடக்கும் தாளை எடுத்துச் சுற்றிவிடுவோம். நான் தேடி எடுத்தேன். முதல் கட்டுக்கு முதல் பாரம், இரண்டாம் கட்டுக்கு இரண்டாம் பாரம். கட்டுகளின் மேல் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று மறக்காமல் எண் போட்டேன். கடவுளே, அவர் கண்ணில் படட்டும் என்று சொல்லிக்கொண்டுதான் கயிறு கட்டினேன்.

ஒன்பதாம் நாள் பதிப்பாளர் வந்தார். அக்குளில் நான்கு தாள். ஒழுங்காக மடித்திருந்தார்.

"இது யார் எழுதினது?"

முதலாளி பார்த்தார். "இது வேஸ்ட் தாள் சார். கட்டு சுத்தறதுக்கு."

"வேஸ்ட்டோ என்னவோ. அந்தப் பொண்ணு பாலத்துல திரும்பி வந்தாளா இல்லையா? எனக்கு அது தெரியணும்."

முதலாளி டைப்புவைப் பார்த்தார். டைப்பு என்னைப் பார்த்தாள். நான் பசைக் கிண்ணத்தைப் பார்த்தேன். மாடிப்படிக்கு அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"வர்றதுக்கு இன்னும் எழுபது பக்கம் இருக்கு."

அன்று மதியமே பதிப்பாளர் மிச்சத்தையும் வாங்கிக்கொண்டு போனார். நான்காம் நாள் ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார், புத்தகமாகப் போடலாம் என்று. சாரிடம் சொன்னபோது, "சரி. புரூஃப் நான்தான் பாப்பேன்" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை.

அதில்தான் சங்கடம். ஊர்ப் புத்தகத்தில் எல்லாம் பிழை பிடித்தவருக்குத் தன் புத்தகத்தில் ஒன்றுகூட அகப்படவில்லை. ஒன்பது வருஷம் மனப்பாடம் ஆகிவிட்ட வரிகள். கண் தாளில் ஓடும், மனசு தனக்குத் தெரிந்ததைப் படிக்கும். புரை வேறு. ஒரு வாரம் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"அம்மா, நீங்க எப்படிப் படிப்பீங்க?"

"எழுத்துக் கூட்டித்தான் சார். உங்களுக்குத் தெரியாதா."

"அதான் வேணும். தாள்ல என்ன இருக்கோ அதை மட்டும் படிக்கறவங்க இங்க நீங்க ஒருத்தர்தான். மத்தவங்க எல்லாம் புரிஞ்சுக்கிட்டுப் படிக்கறாங்க."

இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று தெரியவில்லை. சரி என்றேன்.

மதிய இடைவேளையில் அவர் அறை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு நான் சத்தமாகப் படிப்பேன். அவர் கண்ணை மூடிக் கேட்பார். முதல் நாள் ஒன்பது வரி. கை விரலை எழுத்துக்குக் கீழே வைத்து நகர்த்திக்கொண்டே போவேன். டைப்பு போகும்போதும் வரும்போதும், "தேர் நகருது, ஓரமா நில்லுங்க" என்பாள்.

மூன்றாவது வாரம் ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். காணாமல்போன பெண்ணின் குழந்தையைக் காவல்காரர் கையில் வாங்கிக்கொண்டு, அதன் தகப்பனிடம் சொல்கிறார்.

"சார், இவரு யாரைக் கொல்லப் போறாரு?"

"யாரையும் இல்லையே. ஏன்?"

"'கவலைப்படாதே, குழந்தையை நான் பார்த்துக்கொல்கிறேன்'ன்னு இருக்கு. சின்ன ல."

சார் தாளை வாங்கி மூக்கருகில் வைத்துப் பார்த்தார்.

"இந்தப் பக்கத்தை மூணு தடவை படிச்சேன்மா. மூணு தடவையும் நல்ல மனுஷனாத்தான் இருந்தான்" என்றார். சிவப்புப் பேனாவால் திருத்தினார்.

அப்படி மொத்தம் பதினேழு பிழை பிடித்தேன். பதினேழும் டைப்பு அடித்ததில் வந்தவை. "நான் வேகமா அடிச்சா ள மெலிஞ்சுடுது" என்றாள் அவள். இரண்டாம் முறையும் முழுக்கப் படித்தேன். ஒன்று கிடைத்தது. மூன்றாம் முறை ஒன்றும் இல்லை. மூன்றாம் முறை கடைசி வரி முடிந்ததும் சார் கண்ணைத் திறந்தார். "உள்ளே சுத்தம்" என்றார். நான் மனசுக்குள் கடவுளுக்கு நன்றி சொன்னேன். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

தலைப்பு மட்டும் யாருக்கும் தெரியாது. அதைக் கடைசிவரை அவர் சொல்லவில்லை. கணினியில் வெறும் 'நாவல்' என்றுதான் இருந்தது. கண் அறுவை சிகிச்சைக்குப் போவதற்கு முந்தின நாள் ஒரு சீட்டில் தலைப்பை எழுதி, உறையில் போட்டு, அட்டைப்படம் வரையும் ஓவியருக்கு அனுப்பிவிட்டார். "அட்டையைப் பாத்து உள்பக்கத்துலயும் அதையே போட்டுடு" என்று டைப்புவிடம் சொல்லிவிட்டு, அக்காவோடு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்.

அடுத்த நாள் பதினொரு மணி இருக்கும். டைப்பு பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாள். முதலாளி தாள் வாங்கப் போயிருந்தார். தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. கையில் பசையைத் துடைத்துவிட்டு நான்தான் எடுத்தேன்.

"ஓவியர் பேசறேம்மா. தலைப்பு எழுதின சீட்டு தண்ணி பட்டு நனைஞ்சுடுச்சு. கடைசி எழுத்து மட்டும் தெரியல. சின்ன ரவா, பெரிய றவா?"

"என்ன தலைப்பு சார்?"

அவர் சொன்னார். காதில் விழும்போது அந்தச் சொல்லுக்குச் சின்னதும் இல்லை, பெரியதும் இல்லை. நாவல் முழுக்க 'எதிர்க்கரை' என்றுதான் சார் எழுதியிருந்தார். அந்தச் சொல்லை உள்ளே ஒரு இடத்தில்கூட எழுதாமல் அட்டைக்கென்று எடுத்து வைத்திருந்தார் என்பது எனக்கு எப்படித் தெரியும். மூன்று முறை எழுத்துக் கூட்டிப் படித்தவள் நான். பாலத்தில் போகிற வருகிற ஒவ்வொருவரும் வீடு திரும்ப வேண்டுமே என்று நிற்கிற மனுஷனின் கதை. எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. அதோடு, வாழ்க்கையில் ஒரு சொல்லுக்காவது எந்த எழுத்து என்று நிச்சயமாகத் தெரியும் என்றால் அது இந்தச் சொல்தான்.

"பெரிய ற சார்" என்றேன். "சந்தேகமே வேண்டாம்."

புத்தகம் தயாரான அன்று அட்டையை ஒட்டியதும் நான்தான். அறுநூறு முறை ஒட்டினேன். அட்டையில் ஒரு பாலம், நீல நிறம், மேலே பெரிய எழுத்தில் 'அக்கறை'. ரொம்ப அழகாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சாரை அக்கா கையைப் பிடித்து அழைத்து வந்தார். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். பதிப்பாளரும் வந்திருந்தார். முதல் படியை நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். சார் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். அட்டையைப் பார்த்தார். கட்டைவிரலைக் கடைசி எழுத்தின் மேல் வைத்தார். எடுக்கவே இல்லை.

"சின்ன ர" என்றார் மெதுவாக.

யாருக்கும் புரியவில்லை. "எதிர்க்கரை. அந்தப் பக்கத்துக் கரை. சின்ன ர" என்று மறுபடியும் சொன்னார்.

கையில் இருந்த தூரிகையிலிருந்து பசை என் காலில் சொட்டிக்கொண்டிருந்தது.

பதிப்பாளர் ஓவியரிடம் தொலைபேசியில் பேசினார். பேசினார் என்பது மரியாதைக்குச் சொல்வது. பிறகு வாயை மூடிக் கேட்டார். ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

"பிரஸ்ல கேட்டுத்தான் போட்டேன்னு சொல்றான். யாருகிட்ட கேட்டான்?"

முதலாளி டைப்புவைப் பார்த்தார். டைப்பு, "எனக்குத் தெரியாது" என்றாள். முதலாளியின் கண் நகர்ந்து நகர்ந்து பைண்டிங் மேசைக்கு வந்தது. நான் வாயைத் திறந்தேன்.

"நான்தான் சொன்னேன்" என்றார் சார். "ஆஸ்பத்திரிக்குப் போன் வந்துச்சு, கண்ணு கலங்கலா இருந்த நேரம். யோசிக்காம சொல்லிட்டேன்."

அக்கா திரும்பி அவரைப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட கண்ணோடு படுத்திருந்தவர் பக்கத்தில் முழு நாளும் உட்கார்ந்திருந்தவர் அவர். எந்தத் தொலைபேசியும் வரவில்லை என்று அவருக்குத் தெரியும். பிறகு சுவரில் இருந்த காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தார்.

முதலாளிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இருபத்தாறு வருஷத்துல ஒரே ஒரு தப்பு. அதையும் சொந்தப் புத்தகத்துக்குன்னு சேத்து வெச்சிருந்தீங்களா?"

"ஆமா" என்றார் சார்.

"அட்டையையும் முதல் தாளையும் பிரிச்சு மாத்திடலாம்" என்றார் பதிப்பாளர்.

"மாத்தலாம். பைண்டிங் ஆளுங்க ரெண்டு ஞாயித்துக்கிழமை வரணும். யாரு, எப்படின்னு எல்லாத்தையும் ஒழுங்கா விசாரிச்சுட்டு ஆரம்பிக்கலாம்" என்றார் முதலாளி.

"வேண்டாம்" என்றார் சார். "ஒரு தப்புதானே."

இந்த வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வரும் என்று நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. அவர் புத்தகத்தைத் திறக்காமலே அக்கா கையில் கொடுத்துவிட்டு, குனிந்து தன் அறைக்குள் போனார்.

அதன் பிறகு மூன்று மாதம் அச்சகத்தில் அவருக்குப் போதாத காலம். மெஷின்காரர்கூட, "சார், இந்த எழுத்து சின்னதா பெரிசா? ஓ, உங்ககிட்ட கேக்கக் கூடாதுல்ல" என்பார். டைப்பு ஒற்று சார் என்று கூப்பிடுவதை விட்டுவிட்டுப் பெரிய ற சார் என்று கூப்பிட ஆரம்பித்தாள். அவள் விளையாட்டுக்குத்தான் சொன்னாள். எனக்குத்தான் ஒவ்வொரு முறையும் சுருக்கென்றது. அவர் எல்லாருக்கும் ஒரே மாதிரி தலையாட்டினார்.

புத்தகம் மட்டும் நன்றாகப் போனது. தாதியர் பயிற்சிப் பள்ளி ஒன்று தலைப்பைப் பார்த்துவிட்டு முப்பது படி வாங்கியது. ஒரு பத்திரிகையில், 'அக்கறை என்ற சொல் இந்த நாவலில் ஒரு இடத்தில்கூட வரவில்லை; ஆனால் அது இல்லாத பக்கமும் இல்லை' என்று எழுதியிருந்தார்கள். அதை வெட்டி எடுத்துக்கொண்டு ஓடினேன். சார் படித்தார். அதில் இரண்டு ஒற்று விட்டுப்போயிருந்தது. போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

நான் உண்மையைச் சொல்லவில்லை. தினமும் காலையில் பிரார்த்தனையின்போது கடவுளிடம் சொன்னேன். அவருக்கு முன்பே தெரியும். தெரியாதவரிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. மாடிப்படிப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போனேன். ஒரு பிழைகூட இல்லாத ஒரே ஒரு புத்தகம் கேட்டார். ஒன்பது வருஷம் எழுதினார். உள்ளே பதினெட்டைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, ஒன்றை எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் வைத்தவள் நான்.

அவர் ஓய்வு பெற்றார். மகள் வீட்டுக்கே போய்விடப் போவதாக அக்கா சொன்னார். புறப்படுகிற அன்று மதியம் தனக்குச் சேர வேண்டிய இருபது படிகளை வாங்கிக்கொள்ள சார் பைண்டிங் பகுதிக்கு வந்தார். அங்கே கூரை உயரம். அவர் நிமிர்ந்து நின்றதை அன்றுதான் சரியாகப் பார்த்தேன். நல்ல உயரமான மனுஷர்.

சோதனைக்கு அடித்த தாளில் முதல் பாரம் ஒன்று என்னிடம் மிச்சம் இருந்தது. அதை எடுத்து விரித்து, இருபது படிகளையும் அடுக்கி, கட்டு சுற்ற ஆரம்பித்தேன்.

"உள்ளே பாத்தீங்களா சார்?" என்று கேட்டேன். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"ரெண்டு தடவை படிச்சுட்டேன். புதுக் கண்ணால. ஒண்ணும் இல்லம்மா."

கயிற்றைச் சுற்றினேன். முடிச்சுப் போட வரவில்லை. ஆயிரக்கணக்கில் கட்டுப் போட்ட கை.

"சார், அன்னிக்கு போன்ல பெரிய றன்னு சொன்னது நான்தான்."

"தெரியும்."

"அக்கா சொன்னாங்களா?"

"அவளுக்கு நான் சொல்லலங்கறது மட்டும்தான் தெரியும்." கயிற்றின் மேல் விரலை வைத்து அழுத்திக்கொண்டார், நான் முடிச்சுப் போட வசதியாக. "இந்தக் கட்டடத்துல அந்தச் சொல்லைக் கேட்டதும் யோசிக்காம பெரிய றன்னு சொல்ற ஆள் ஒருத்தர்தான். அந்தத் தப்பை அன்னிக்கு வேணும்னு விட்டு வெச்சது நான். மறக்குமா?"

நான் அழுதுவிடுவேன் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கட்டின் மேல் இருந்த தாளைக் குனிந்து பார்த்தார். டைப்பு அடித்த பழைய பக்கம், நாங்கள் திருத்துவதற்கு முந்தையது. அதில் ஒரு இடத்தில் ஒற்று இல்லை. சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து ஒரு ப் போட்டார். பிரித்துக் குப்பையில் போடப்போகிற தாள்.

பேனாவை மூடினார். கட்டைத் தூக்கிக்கொண்டார். வாசல் கதவு வரை போய், அங்கே ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"லெட்டர்லதாம்மா தப்பு. புத்தகத்துல சரியாத்தான் இருக்கு."